கப்பலில் ஃப்ளைட் மோட்

க்ரூஸ், அதாவது கப்பல் சுற்றுலா போகப்போகிறோம் என்று யாராவது சொன்னால், பால்கனி அறையா உள் அறையா என்று நான் கேட்பதில்லை. எத்தனை சிம் எடுத்துப் போகிறீர்கள் என்றுதான் கேட்பேன். வீட்டில் இதை வைத்து என்னைக் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். டிக்கெட்டுக்கு எவ்வளவு, ஊர் சுற்ற எவ்வளவு என்பதெல்லாம் கிளம்பும் முன்பே தெரிந்துவிடும். போன் பில் ஒன்றுதான் எல்லோரும் வீடு திரும்பி, பெட்டியைப் பரண் மேல் ஏற்றிய பிறகு ஆடி அசைந்து வரும்.

நடுக்கடலில் டவர் ஏது, சிக்னலே இருக்காதே, அப்புறம் பில் எப்படி வரும் என்பார்கள். டவர் இருக்கிறது. நீங்கள் ஏறியிருக்கும் கப்பல்தான் டவர். பெரிய பயணக் கப்பல்களில் நடைபாதை, சாப்பாட்டுக் கூடம், மேல்தளம் என்று அங்கங்கே சின்னச் சின்ன செல்போன் ஆன்டெனாக்களைப் பொருத்தியிருப்பார்கள். அவை உங்கள் போனோடு சாதாரண டவர் மாதிரியேதான் பேசும். அங்கிருந்து சாட்டிலைட் வழியாகக் கரைக்குப் போய், கரையிலிருந்து உங்கள் கம்பெனிக்குப் போகும். போன் திரையின் மூலையில் 'செல்லுலர் அட் ஸீ' என்றோ, 'டெலினார் மாரிடைம்' என்றோ, பெயரே இல்லாமல் 901-18 என்று வெறும் எண்ணாகவோ தெரிந்தால், நீங்கள் கப்பலின் டவரில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அந்த 901-ஐக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மொபைல் நெட்வொர்க்குகளுக்கு நாட்டுக்கு நாடு ஒரு மூன்று இலக்க எண் உண்டு. 901 எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. கப்பல், சாட்டிலைட் மாதிரி நாடு கடந்த நெட்வொர்க்குகளுக்கென்று ஒதுக்கியது. நாம் கிளம்பும் முன் வாங்கும் 'இன்டர்நேஷனல் ரோமிங் பேக்' என்பதோ நாடுகளின் பட்டியல். அதில் எத்தனை நாடு இருந்தாலும் கடல் என்று ஒரு நாடு இருக்காது. பேக் போட்டுவிட்டோமே என்ற தைரியத்தில் டேட்டாவை ஆன் செய்து வைத்திருப்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். சில கம்பெனிகள் கப்பலுக்கென்றே தனி பேக் விற்கின்றன. அது வேறு, இது வேறு.

மத்தியதரைக் கடல் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு மயக்கம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 ஜூன் 15 முதல் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் கிடையாது என்பது உண்மைதான். ஆனால் அது தரையில் நிற்கும் டவர்களுக்கு மட்டும். பார்சிலோனாவில் கப்பல் ஏறி ரோமில் இறங்கினாலும், இடையில் கப்பலின் சாட்டிலைட் டவரைத் தொட்டால் அந்தச் சலுகை செல்லாது. ஐரோப்பிய சிம்தானே என்று அலட்சியமாக இருக்க முடியாது.

இதில் எனக்கு எரிச்சல் தருவது ஒன்று. கப்பலின் வைஃபையும் இந்த செல்போன் டவரும் பெரும்பாலும் மேல்தளத்தில் இருக்கும் அதே சாட்டிலைட் இணைப்பைத்தான் பயன்படுத்துகின்றன. ஒரே வழியாகப் போகும் ஒரே வாட்ஸ்அப் செய்தி, வைஃபையில் போனால் பேக்கேஜுக்குள் அடங்கிவிடும். டவர் வழியாகப் போனால் கிலோபைட் கணக்கில் பில்லாகும். கடல் டவர் நடத்தும் கம்பெனிக்கு ஒரு பங்கு, உங்கள் கம்பெனிக்கு ஒரு பங்கு என்று நடுவில் கை மாறிக்கொண்டே வரும்.

முன்பெல்லாம் கப்பல் வைஃபை என்றாலே பெருமூச்சுதான். பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் சாட்டிலைட்டுக்குப் போய்த் திரும்ப வேண்டும். நீங்கள் 'ஹலோ' சொல்லி, அந்தப் பக்கம் பதில் சொல்லி, அது உங்கள் காதுக்கு வருவதற்குள் இருவரும் அடுத்த வாக்கியத்தை ஆரம்பித்திருப்பீர்கள். இப்போது ஸ்டார்லிங்க் சாட்டிலைட்டுகள் சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றுகின்றன. ராயல் கரீபியன் குழுமம் தன் கப்பல்கள் எல்லாவற்றிலும் அதைப் போடுவதாக 2022 ஆகஸ்டில் அறிவித்தது. பிறகு மற்றவர்களும் வரிசையாக வந்தார்கள். வீடியோ கால் இப்போது ஓரளவு ஒழுங்காகவே போகிறது. அதனால் செல்போன் டவரை நம்பியிருக்க எந்தக் காரணமும் இல்லை என்பது என் கட்சி. வைஃபை வாங்குங்கள், அல்லது எதுவுமே வாங்காதீர்கள். நடுவில் நிற்பதுதான் ஆபத்து.

செய்ய வேண்டியது சின்ன வேலை. கப்பல் கிளம்பும் முன் ஃப்ளைட் மோடைப் போட வேண்டும். பிறகு வைஃபையை மட்டும் தனியாக ஆன் செய்ய வேண்டும். கப்பலில் எதற்கு ஃப்ளைட் மோட் என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். 'கிளம்பும் முன்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். துறைமுகத்தில் நிற்கும்போது கப்பலின் டவரை அணைத்துத்தான் வைத்திருப்பார்கள். அந்தந்த நாட்டு விதியைப் பொறுத்து, கரையிலிருந்து குறிப்பிட்ட தூரம் தாண்டிய பிறகுதான் அது உயிர் பெறும். பல இடங்களில் 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர். ஐரோப்பியக் கடலில் இன்னும் நெருக்கத்திலேயே அனுமதி உண்டு. ஆக, மாலையில் கப்பல் கிளம்பி, எல்லோரும் மேல்தளத்தில் நின்று கையசைத்துப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது கரை டவர் மெல்ல மெல்ல மங்கும். இருட்டியதும் கப்பல் டவர் எழும். கிடைத்த பஸ்ஸில் ஏறிவிடும் குழந்தை மாதிரி போன் அதில் தொற்றிக்கொள்ளும், உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காது. 'கடல் நெட்வொர்க்குக்கு வரவேற்கிறோம்' என்று ஒரு எஸ்எம்எஸ் வரும். அது வருகிறது என்றாலே போன் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்துவிட்டது. மேல்தளத்தில் எடுத்த படங்கள் அதற்குள் பேக்கப்புக்கு வரிசையில் நிற்கும். ஐபோனில் 4கே வீடியோ ஒரு நிமிடத்துக்கு சுமார் 170 எம்பி. கையசைப்பை வீடியோ எடுத்தவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

'டேட்டா ரோமிங்கை ஆஃப் செய்துவிட்டேன், போதாதா?' என்று கேட்பார்கள். டேட்டாவுக்குப் போதும். ஆனால் கால் வரும். எடுத்தால் காசு. எடுக்காவிட்டாலும் சில சமயம் காசு! நீங்கள் எடுக்காத கால் வாய்ஸ்மெயிலுக்கோ வேறு நம்பருக்கோ போகும்படி ஃபார்வர்டு செய்திருந்தால், அந்த அழைப்பு கப்பல் வரை வந்து, அங்கிருந்து திரும்ப உங்கள் நாட்டுக்குப் போகும். போகவர இரண்டு கட்டணம் விழ வாய்ப்பு உண்டு. இதற்கு ஒரு வழி இருக்கிறது. வீட்டில் இருக்கும்போதே ##002# என்று டயல் செய்தால் எல்லா கால் ஃபார்வர்டும் ரத்தாகிவிடும். எந்த நம்பருக்குப் போட்டிருந்தீர்கள் என்று முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வந்து மறுபடி போட வேண்டியிருக்கும். ஐபோனில் இன்னொரு நுணுக்கம்: ஐமெசேஜும் ஃபேஸ்டைமும் நம்பரைச் சரிபார்க்கச் சத்தமில்லாமல் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். சிம்மை மாற்றினால் இது நடக்கும். டேட்டா ஆஃபில் இருந்தாலும் எஸ்எம்எஸ் எஸ்எம்எஸ்தானே.

ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டால் இந்தத் தலைவலி மொத்தமும் போய்விடும். போடாமல் சமாளிப்பவர்கள் ஆண்ட்ராய்டில் இன்னொரு ஸ்விட்சையும் தேடி அணைக்க வேண்டும், அது வேறு வேறு பெயரில் இருக்கிறது. வைஃபை மந்தமானால் 'பாவம், உதவி செய்வோம்' என்று அது தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவும். ஐபோனில் இதே வேலையைச் செய்யும் 'வைஃபை அசிஸ்ட்' டேட்டா ரோமிங்கில் அப்படித் தாவாது.

கைக்கடிகாரத்தை மறந்துவிடாதீர்கள். செல்லுலார் வசதியுள்ள ஆப்பிள் வாட்ச், சாம்சங் வாட்ச் போன்றவற்றில் தனி இ-சிம், அதாவது உள்ளேயே பதிந்திருக்கும் சிம் உண்டு. போனில் ஃப்ளைட் மோட் போட்டால் கடிகாரமும் கூடவே மாறும் என்று நம்ப வேண்டாம். அதையும் திறந்து பார்த்து அந்தக் குட்டி விமானம் தெரிகிறதா என்று உறுதி செய்யுங்கள். சிம் போட்ட டேப்லெட்டுக்கும் இதே சட்டம்.

எங்கள் வீட்டில் உண்மையான வேலை என் போனில் இல்லை, என் மாமியாரின் போனில்தான். அத்தைக்குச் செட்டிங்ஸ் எல்லாம் வேண்டாம். அவர்களுக்கு வேண்டியது தங்கையோடு தினமும் ஒரு வீடியோ கால், காலையில் பத்துப் பேருக்கு வணக்கம் படம். கப்பல் ஏறுவதற்கு முன், முனையத்தில் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே அவர்கள் போனை வாங்கி ஃப்ளைட் மோடில் போட்டேன்.

"என்னம்மா, போன் செத்துப்போச்சா? கோடெல்லாம் காணோம்."

"சாகலை அத்தை. மேலே சின்னதா ஒரு ப்ளேன் படம் தெரியுதா? அது இருக்கிற வரைக்கும் நீங்க எதை வேணாலும் அமுக்குங்க. அது காணாமப் போனா மட்டும் என்கிட்ட கொண்டு வாங்க."

அவ்வளவுதான் பாடம். பெரியவர்களுக்கு எதைத் தொடக்கூடாது என்று பத்து விஷயம் சொல்வதைவிட, ஒரு அடையாளத்தைக் காட்டிவிடுவது நல்லது. அத்தை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்ததும் முதல் காரியமாக மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் படத்தைப் பார்ப்பார்கள், பிறகு என் கணவரின் போனையும் வாங்கிப் பார்ப்பார்கள். வாட்ஸ்அப்பைப் பற்றியும் ஒரு பயம் இருந்தது: சிம் வேலை செய்யாவிட்டால் வாட்ஸ்அப் போய்விடுமோ என்று. போகாது. நம்பரை ஏற்கெனவே சரிபார்த்துவிட்டதால் ஃப்ளைட் மோடிலும் அதே நம்பரில் வைஃபையில் ஓடும். ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போட்டால்தான் கோட் கேட்கும். 'எதையும் டெலீட் பண்ணாதீங்க' என்பது மட்டும் இரண்டாம் பாடம்.

வைஃபை பேக்கேஜ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல கப்பல் நிறுவனங்களில் ஏறிய பிறகு வாங்குவதைவிட முன்பே ஆன்லைனில் வாங்கினால் விலை குறைவு. ஒரு சாதனம் என்றால் ஒரே சமயத்தில் ஒரு சாதனம். ஒன்றில் லாக்அவுட் செய்து இன்னொன்றில் லாகின் செய்யப் பெரும்பாலும் விடுவார்கள், எங்கள் வீட்டில் அப்படித்தான் கைமாற்றிக்கொண்டோம். ஒரு இணைப்பைப் பல சாதனங்களுக்குப் பிரித்துத் தரும் ட்ராவல் ரவுட்டரைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போகாதீர்கள், பல நிறுவனங்கள் அதைத் தடை செய்து வாங்கி வைத்துக்கொள்கின்றன. பேக்கேஜே வாங்காவிட்டாலும் கப்பலின் சொந்த ஆப் அந்த வைஃபையில் இலவசமாக வேலை செய்யும். அன்றன்றைய நிகழ்ச்சி, சாப்பாட்டு நேரம் எல்லாம் அதில் பார்க்கலாம். சில கப்பல்களில் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பும் வசதியும் அதிலேயே உண்டு. அறையில் இருக்கும் போனில் அறைக்கு அறை பேசக் காசில்லை. கரைக்குப் பேசினால் அதுவும் சாட்டிலைட்தான், தொடாதீர்கள்.

வைஃபை காலிங் என்று ஒன்று இருக்கிறது. உங்கள் கம்பெனி அனுமதித்தால், ஃப்ளைட் மோடிலேயே, கப்பல் வைஃபை வழியாக உங்கள் சொந்த நம்பரில் கால் பேசலாம். வங்கி ஓடிபி எஸ்எம்எஸ் கூட அதில் வந்து சேரலாம். ஆனால் இதில் கம்பெனிக்குக் கம்பெனி விதி மாறும். சிலர் வீட்டில் பேசுவது போலவே கணக்கு வைப்பார்கள், சிலர் வெளிநாட்டு வைஃபையை ஏற்கவே மாட்டார்கள். சில கப்பல்களின் மலிவான பேக்கேஜில் இதை அடைத்து வைத்திருப்பதும் உண்டு. கஸ்டமர் கேரில் கேட்கும்போது 'ரோமிங் இருக்கா' என்று கேட்காதீர்கள். 'வெளிநாட்டில் வைஃபை காலிங் போட்டு வீட்டு நம்பருக்குப் பேசினால் எவ்வளவு, எஸ்எம்எஸ் வருமா' என்று குறிப்பாகக் கேளுங்கள். வீட்டிலேயே அதை ஆன் செய்து ஒரு தரம் பேசிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கப்பலில் போய் முதன்முதலாக ஆன் செய்தால் பல போன்கள் அடம்பிடிக்கும்.

ஓடிபி பிரச்சினைக்கு என் விருப்பம் ஆத்தென்டிகேட்டர் ஆப். முப்பது நொடிக்கு ஒரு தரம் ஆறு இலக்கம் மாறுமே, அதற்கு நெட்டே வேண்டாம். போனுக்குள் இருக்கும் நேரத்தை வைத்து அது தானே கணக்குப் போடுகிறது. வங்கி அதை ஒத்துக்கொள்ளாவிட்டாலும் மெயிலுக்காவது கிளம்பும் முன் மாற்றி வையுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. கப்பலுக்கென்று ஒரு நேரம் உண்டு. அது துறைமுக ஊரின் நேரத்தோடு எப்போதும் ஒத்துப்போகாது. ஃப்ளைட் மோடில் இருக்கும் போன் பல சமயம் தானாக நேரம் மாற்றாமல் நின்றுவிடும். உடனே எல்லோரும் செட்டிங்ஸுக்குப் போய் மணியை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பார்கள். அப்படித் தள்ளினால் ஆத்தென்டிகேட்டர் தவறான எண்ணைக் காட்டும், சில ஆப்கள் திறக்கவே திறக்காது. மணியைத் தொடாதீர்கள், டைம் ஜோனை மட்டும் கையால் மாற்றுங்கள். திரையில் தெரியும் மணி மாறும், உள்ளே ஓடும் கணக்கு மாறாது. துறைமுகத்தில் இறங்கிய பிறகும் அதைத் தானியங்கிக்கு விடாமல் கப்பல் நேரத்திலேயே வைத்திருப்பது நல்லது. ஊர் டவர் காட்டும் மணியை நம்பிக் கடைவீதியில் நின்றுவிட்டு, துறைமுகப் பாலத்தில் மூச்சிரைக்க ஓடிவருபவர்களை மேல்தளத்திலிருந்து வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமே எப்போதும் இருக்கும்.

துறைமுக நாட்கள்தான் போனுக்கு நல்ல நாட்கள். அந்த நாடு உங்கள் பேக்கில் இருந்தாலோ, வட்டார இ-சிம் ஒன்று வாங்கியிருந்தாலோ, தாராளமாகப் பயன்படுத்தலாம். இ-சிம்மை வீட்டு வைஃபையிலேயே இன்ஸ்டால் செய்துவிடுங்கள். பயண இ-சிம்கள் தரை டவருக்குத்தான், கப்பல் டவருக்கு அல்ல. இறங்கியதும் ஃப்ளைட் மோடை எடுக்கும் முன் வீட்டு சிம்மின் லைனை அணைத்துவிட்டு இ-சிம் லைனை மட்டும் விடுகிறேன் நான். ஏறும்போது மறுபடி ஃப்ளைட் மோட். கப்பலில் ஏறும் பாலத்தில் அட்டையைக் காட்டும் இடத்தில், 'பீப்' சத்தம் கேட்டதும் விமானத்தைத் தட்டுவது எங்கள் குடும்பப் பழக்கமாகிவிட்டது.

எல்லைப் பக்கத்து ஊர்களில் மட்டும் கொஞ்சம் உஷார். கடல் நீர் மேல் சிக்னல் தடையில்லாமல் வெகுதூரம் போகும். கிரேக்கத்தின் கோஸ் தீவிலோ கியோஸிலோ நின்றால் எதிர்க்கரையில் துருக்கி; கோர்ஃபுவில் அல்பேனியா. ஜிப்ரால்டர் நீரிணையின் குறுகலான இடம் சுமார் 14 கிலோமீட்டர்தான், ஸ்பெயின் பக்கம் நின்றாலும் மொராக்கோ டவர் கிடைக்கும். சிங்கப்பூரில் கடலோரம் நின்றால் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவு டவர். அதனால் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றி, உங்கள் பேக்கில் இருக்கும் நாட்டின் நெட்வொர்க்கை நீங்களே தேர்ந்தெடுங்கள். அது கிடைக்காவிட்டால் சிக்னல் இல்லாமல் நிற்குமே தவிர, பக்கத்து வீட்டுக்குப் போகாது.

மேப்பை முன்பே டவுன்லோட் செய்து வையுங்கள். ஜிபிஎஸ் என்பது சிக்னலைக் கேட்பது மட்டும்தான், எதையும் அனுப்பாது. ஃப்ளைட் மோடில் கூட நீலப்புள்ளி நகரும். நடுக்கடலில் அந்தப் புள்ளி வெறும் நீலத்தில் ஊர்ந்துபோவதைப் பார்ப்பது என் சொந்தப் பைத்தியம். காசில்லாத இன்னொரு வழியும் உண்டு. துறைமுகத்தில் இறங்கும் கப்பல் ஊழியர்கள் எந்த டீக்கடையில் கும்பலாக உட்கார்ந்து போனைக் காதில் வைத்திருக்கிறார்களோ, அங்கே நல்ல இலவச வைஃபை இருக்கிறது. மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருப்பவர்கள், அவர்களுக்குத் தெரியாததா.

ப்ரீபெய்ட் சிம்காரர்கள் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம். பேலன்ஸ் தீர்ந்தால் அத்தோடு நின்றுவிடும். போஸ்ட்பெய்டுக்கு அந்தத் தடுப்பு தானாக இருக்கும் என்று நம்ப முடியாது. ரோமிங்குக்கு உச்சவரம்பு வைக்க முடியுமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் ஏறும் அன்று போனின் மொபைல் டேட்டா கணக்குப் பக்கத்தில் 'ரோமிங்' என்ற வரியை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், இறங்கும் அன்று இன்னொன்று. கப்பல் டவரின் கணக்கு உங்கள் கம்பெனிக்கு வந்து சேரத் தாமதமாகும், முதல் பில்லில் ஒன்றுமில்லை என்றாலும் அடுத்த பில்லையும் பாருங்கள். என் தம்பிக்கு இரண்டாவது பில்லில்தான் கடல் டேட்டா என்று ஒரு வரி வந்தது. இரண்டு ஸ்க்ரீன்ஷாட்டிலும் ஒரே எண் இருந்ததைக் காட்டி, பில்லில் இருந்த தேதியில் கப்பல் துறைமுகத்தில் நின்றதற்குப் பயணத் திட்டத்தையும் இணைத்து மெயில் போட்டான். போனில் பேசியபோதெல்லாம் 'சிஸ்டத்தில் அப்படித்தான் இருக்கிறது சார்' என்றவர்கள், எழுத்தில் போனதும் அடுத்த பில்லில் கழித்துவிட்டார்கள்.